கருப்புக் கால்மிதி

மாலை நான்கு மணிக்கு, முன்வாசல் பூட்டி, பின்வாசல் பூட்டி, ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி போட்ட ஒரு வீட்டுக்குள்ளிருந்து கண்டக்டரைக் காணவில்லை.

காணாமல் போகிற அளவில் இருப்பவர் அல்ல அவர். ஆறடி உயரம். சட்டையின் முதல் பொத்தானை எட்டிப் பார்க்கும் வெள்ளை மீசை. காலமெல்லாம் பஸ்ஸில் கத்திப் பழகிய குரல். அவர் தும்மினால் எதிர்வீட்டில் பாத்திரம் விழும் என்பார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் பாத்திரங்களைத் தரையிலேயே வைத்துப் புழங்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

“அப்பா எங்க?” என்றாள் அவர் மகள்.

கதவைத் திறந்த மேனேஜர் முதலில் சிரித்தார். “வாங்கம்மா. அஞ்சு மணிக்குத்தானே வரேன்னீங்க?”

“சீக்கிரம் வந்துட்டோம். அப்பா எங்க?”

மேனேஜரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கண்கள் மட்டும் எங்கோ போய்விட்டு வந்தன. “உள்ளதான் இருந்தாரு. இப்போகூடப் பார்த்தேனே. இருங்க.”

ஐந்து நிமிடம் கழித்து, உள்ளே இல்லை என்று முடிவாயிற்று. கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். குளியலறையில் பார்த்தார்கள். துணி பீரோவைத் திறந்துகூடப் பார்த்தார்கள். மகள், அதாவது அக்கா, அதே பீரோவை இரண்டாம் முறையும் திறந்து பார்த்தாள். பின்னால் நின்ற தம்பியோ அழவே தொடங்கிவிட்டான். இவன் ஒரு கம்பெனியில் நாற்பது பேரை மேய்ப்பவன்.

*

அன்று கண்டக்டருக்கு ஒத்திகை நாள். மறதி நோய் வந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் சின்ன இல்லம் அது. ஆறு பேருக்கு மட்டும் அனுமதி. இடம் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பகல் விட்டுவிட்டுப் போகலாம், மாலையில் வந்து அழைத்துக்கொள்ளலாம். தம்பி அந்த வார இறுதியில் வெளியூர் வேலைக்குத் திரும்பவேண்டும். அக்காவுக்கும் வேலை இருந்தது. அப்பாவைத் தனியாக விடுவது இனி ஆகாது. போன மாதம் அவர் ஒரு பாட்டில் ஷாம்பூவைக் குடித்துவிட்டு, “சர்பத்தில் சக்கரை கம்மி” என்று புகார் செய்திருந்தார்.

அக்கா வேலை பார்ப்பது ஒரு பெரிய கடையில், வாங்கின பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் கவுன்டரில். தண்ணீரில் விழுந்த போனை “தானா நின்னுபோச்சு” என்பார்கள். மூன்று கல்யாணத்துக்குப் போய்வந்த பட்டுச் சட்டையை “பிரிக்கவே இல்லை” என்பார்கள். இருபது வருடம் இதைக் கேட்டவளுக்கு மனிதர்கள் சொல்வதில் நம்பிக்கை குறைந்து, பொருள்கள் இருக்கும் இடத்தில் நம்பிக்கை கூடியிருந்தது.

காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தபோது நடந்தவை இவை.

வாசல் கதவு திறந்ததும் கண்டக்டர் நின்றுவிட்டார். உள்பக்கம், நிலைக்கு அடுத்து ஒரு பெரிய கருப்புக் கால்மிதி கிடந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது.

“டிரைவரே, பள்ளம்! நிறுத்து!”

தம்பி இழுத்தான். அசையவில்லை. ஆறடி மனிதர் கதவைக் கட்டிக்கொண்டு நடுங்கினார். அப்போது உள்ளிருந்து வந்த பெரிய நர்ஸ், சிரிக்காத முகமும் நரைத்த கொண்டையுமாக, கால்மிதியை மடக்கி ஓரமாய் எடுத்துவைத்தார். கண்டக்டர் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே போனார். நர்ஸ் அதைத் திரும்பவும் விரித்துப் போட்டார்.

“இவங்க கண்ணுக்குக் கருப்பு மேட் குழி மாதிரி தெரியும்,” என்றார் நர்ஸ். “தாண்ட மாட்டாங்க. போகக்கூடாத கதவு எல்லாத்துக்கும் முன்னால ஒண்ணு போட்டிருக்கேன். பூட்டை மறப்போம், இதை மறக்க முடியாது.”

“நல்ல யோசனை சிஸ்டர்,” என்றான் தம்பி.

“யோசனை எல்லாம் இல்லை. ஒருத்தர் வெளியே போய் லாரியில் அடிபட்டாரு. அதுக்கப்புறம் போட்டது.”

தம்பிக்கு அந்த நர்ஸைப் பிடிக்கவில்லை. மேனேஜரைத்தான் பிடித்தது. வாசலில் போன் பேசி முடித்து அப்போதுதான் உள்ளே வந்த மேனேஜர், அந்தக் கால்மிதியில் செருப்பை நன்றாகத் தேய்த்துவிட்டு, கண்டக்டரின் கையைப் பிடித்து, “அப்பா, நம்ம வீடு எப்படி?” என்றார். தேனில் ஊறின குரல்.

“டிக்கெட் எடுத்தாச்சா?” என்றார் கண்டக்டர்.

நர்ஸ்தான் வீட்டைச் சுற்றிக் காட்டினார். டாய்லெட் கதவுக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட். சமையலறைக் கதவு சுவரோடு சுவராக அதே வெள்ளையில். “போகவேண்டிய கதவு கண்ணுல படணும். போகக்கூடாதது படக்கூடாது.” கண்ணாடிகளையெல்லாம் கழற்றியாயிற்று. தன் முகமே தெரியாமல் போனவர்கள், யாரோ முறைக்கிறார் என்று பயந்து அலறுவார்களாம். டிவி இல்லை. ரேடியோ இருக்கிறது, ஆனால் காதோடு காதாகத்தான். சத்தம் அவர்களுக்கு ஆகாது.

“நீங்க எல்லா நாளும் இருப்பீங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“போன வாரம் பூரா லீவு. மக பிரசவம். இன்னைக்குத்தான் வந்தேன். வந்து பார்த்தா பாட்டு டீச்சரை அவங்க பையன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாராம். அந்த இடம்தான் உங்க அப்பாவுக்கு.” நர்ஸ் கொஞ்சம் தயங்கினார். “சொல்லிட்டுப் போயிருக்கலாம். அந்தம்மாவை நாலு வருஷம் நான்தான் குளிப்பாட்டினேன்.”

உள்ளே யாரோ கூப்பிட, நர்ஸ் போய்விட்டார். மிச்சத்தை மேனேஜர் காட்டினார். நடையின் கோடியில் ஒரு புத்தக அலமாரி. தடித்தடியான புத்தகங்கள். படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை தம்பிக்கு எப்போதும் உண்டு. ஒன்றை உருவப் போய் நகத்தை ஒடித்துக்கொண்டான்.

“படம் சார், படம்!” மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சுவர்ல ஒட்டினது.”

அக்கா அங்கே தடுக்கி விழப்போனாள். காலடியில் ஒரு கருப்புக் கால்மிதி.

திரும்பி வரும்போது கண்டக்டர் மட்டும் பின்தங்கினார். அலமாரிப் பக்கம் கை நீட்டி, “படிக்கட்டுல ஒரு அம்மா நிக்கிறாங்க. உள்ள ஏறி வரச் சொல்லுங்க, விழுந்துடுவாங்க,” என்றார்.

மேனேஜர் ஓடிப்போய் அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றார். “கண்ணாடிம்மா. கண்ணாடியில பார்த்துட்டு யாரோ நிக்கிறாங்கன்னு சொல்வாங்க. எல்லாருமே இப்படித்தான்.”

“சரி,” என்றாள் அக்கா. அப்பாவை அங்கே விட்டுவிட்டுப் போக மனம் கேட்காததால் எதையும் சரியாகக் காதில் வாங்காத நேரம் அது.

*

மாலைக்கு வருவோம்.

முன்னறையில் ஐந்து நாற்காலி. நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ரேடியோ வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தது.

“வெளியே போயிட்டாரும்மா,” என்றார் மேனேஜர், சத்தத்துக்கு மேல் சத்தமாக. “இப்போதான் ஞாபகம் வருது. தண்ணி கேன் போடுறவன் வந்தான். கதவு ஒரு நிமிஷம் திறந்திருந்துச்சு. உங்கப்பா விறுவிறுன்னு நடந்து வாசலைத் தாண்டிப் போறதை நானே என் கண்ணால பார்த்தேன். யாரோ விசிட்டர்னு நினைச்சுட்டேன்.”

“எந்தப் பக்கம்?”

“பெரிய ரோடு பக்கம்.”

பெரிய ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் ரேடியோவையும் மீறிக் கேட்டது. தம்பி வெளியே பாய்ந்தான். “அக்கா, வா! நிக்காதே!”

“பெரிய நர்ஸ் எங்க?”

“இங்க இருக்கிற ஜட்ஜ் ஐயாவுக்குப் பல் வலி. மதியமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க.”

“அந்தம்மாதான்!” என்றான் தம்பி வாசலிலிருந்து. “அது மூஞ்சியப் பார்த்தப்பவே நினைச்சேன். அதுதான் அப்பாவை எங்கேயோ கொண்டுபோய்...”

“கொண்டுபோய் என்ன பண்ணும்? மீசையை விக்குமா? சும்மா இருடா.”

“போங்கம்மா, நீங்க பெரிய ரோட்டைப் பாருங்க, தம்பி சந்துகளைப் பார்க்கட்டும். நான் இங்க இருந்து போலீசுக்குச் சொல்றேன்.” மேனேஜர் அவள் முழங்கையைத் தொட்டு வாசலுக்கு நகர்த்தினார். “லேட் பண்ணாதீங்க. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.”

அது உண்மைதான். அதனால்தான் அக்காவுக்குக் கால் முன்னால் போயிற்று. அப்பா லாரிக்கு நடுவில் கை காட்டி நிற்பது கண்ணில் தெரிந்தது. நிலையருகே வந்துவிட்டாள். குனிந்து செருப்பை மாட்டினாள்.

செருப்பின் கீழே கருப்புக் கால்மிதி.

அவள் மாட்டின செருப்பைக் கழற்றினாள்.

“தண்ணி கேன் போடுறவர் வந்தப்போ இந்த மேட் இங்கதான் கிடந்துச்சா?”

“மேட்டா? கிடந்துச்சு. எப்பவும் கிடக்கும்.”

“யாரும் எடுக்கல?”

“எதுக்கும்மா எடுக்கணும்? கால் துடைக்கத்தானே அது?” மேனேஜரின் குரலில் தேன் கொஞ்சம் வற்றியிருந்தது. “அப்பாவைத் தேடப் போறீங்களா, மேட்டைப் பத்திப் பேசப் போறீங்களா?”

அக்கா திரும்பினாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். சமையலறை வாசலில் கருப்புக் கால்மிதி. உள்ளே சமையல்காரம்மா கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பாவைப் பார்த்தீங்களாம்மா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி.”

“மதியம் சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாரு. எனக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாரு.” சொல்லும்போதே அந்த அம்மாளின் உதடு கோணியது. “நான் புள்ளகுட்டிக்காரி தாயி. என்னை ஒண்ணும் கேக்காதீங்க.”

சமையலறை ஜன்னலுக்கு வெளியே கொல்லைப்புறம். கொடியில் ஒரே ஒரு பொருள் காய்ந்துகொண்டிருந்தது. காயவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது.

கருப்புக் கால்மிதி.

“அதை எப்போ தோய்ச்சீங்க?”

“மூணு மணி இருக்கும். கஞ்சி கொட்டிடுச்சு.”

“எங்க கொட்டுச்சு?”

சமையல்காரம்மா வாயைத் திறந்தார். அக்காவின் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். இப்போது சிரிப்பில்லை. சிரிப்பில்லாத அந்த முகத்தை அக்கா அதுவரை பார்த்ததில்லை. அது வேறு ஆளுடைய முகமாக இருந்தது. கதவை மறித்துக்கொண்டிருந்தார். ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. தான் கத்தினால் வாசலில் நிற்கும் தம்பிக்குக் கேட்குமா என்று அவள் கணக்குப் போட்டாள். கேட்காது.

“கிளம்புங்கம்மா,” என்றார் மெதுவாக. “வெளியே போய்த் தேடுங்க.”

“தள்ளுங்க.”

ஒரு கணம் அவர் தள்ளவில்லை. அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. கன்னம் வீங்கிய ஜட்ஜ் ஐயாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பெரிய நர்ஸ் உள்ளே வந்தார். “எவன்யா ரேடியோவை இப்படி வச்சது?” என்ற அவருடைய முதல் கேள்வி வீட்டின் எல்லாச் சத்தத்தையும் ஒரு தட்டு தட்டியது.

அந்த இடைவெளியில் அக்கா மேனேஜரைத் தாண்டி நடைக்கு வந்துவிட்டாள். தம்பியும் நர்ஸோடு உள்ளே வந்திருந்தான்.

“சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி. எங்கப்பா தானா அந்தக் கருப்பு மேட்டைத் தாண்டி வெளியே போயிருப்பாரா?”

“சான்ஸே இல்லை. காலையில பார்த்தீங்களே. செத்தாலும் தாண்ட மாட்டாரு.”

“இவர் பார்த்தேன்னு சொல்றாரே?”

நர்ஸ் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார்.

“அந்த மேட் எதுக்குன்னு தெரிஞ்ச யாரும் இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டாங்க,” என்றாள் அக்கா. “நீங்க காலையில விளக்கினப்போ இவர் வெளியே போன்ல இருந்தாரு. இத்தனை நாளா செருப்பு துடைக்கிற துணின்னே நினைச்சுட்டிருக்காரு. அப்பா வெளியே போகல. உள்ளதான் இருக்காரு. மேட் கிடக்கிற எந்தக் கதவையும் தாண்டியிருக்க மாட்டாரு. மேட் இல்லாத ஒரு இடம்தான் பாக்கி. காலையில நான் தடுக்கினப்போ இருந்துச்சு. மூணு மணிக்கு அதை அலசிக் கொடியில போட்டுட்டாங்க.”

அவள் நடையின் கோடிக்குப் போனாள். புத்தக அலமாரிப் படத்தின் முன்னால் தரை வெறுமையாக, ஈரம் காய்ந்த தடத்தோடு இருந்தது.

“போகக்கூடாத கதவுக்கு முன்னாலதான் மேட் போடுவேன்னு சொன்னீங்க. சுவருக்கு எதுக்கு சிஸ்டர் மேட்?”

“சுவரா?” நர்ஸின் முகம் மாறியது. “அது ஸ்டோர் ரூம். கதவு மேலதான் படம் ஒட்டியிருக்கு. ஐயோ! உள்ள ஆசிட் இருக்கு. தரை கழுவுற ஆசிட், பிளீச்சிங், எல்லாம் கீழ்த்தட்டுலதான் இருக்கு.”

அக்காவுக்கு ஷாம்பூ பாட்டில் ஞாபகம் வந்தது. அவள் படத்தைத் தள்ளிப் பார்த்தாள், பூட்டியிருந்தது.

“சாவி!”

“என்கிட்ட இல்லை. காலையில இருந்து மேனேஜர்கிட்டதான் இருக்கு. ஆசிட் ஸ்டாக் எடுக்கணும்னாரு.”

“சாவி நர்ஸ்கிட்டதான்...” என்று மேனேஜர் தொடங்கினார். தம்பி அவர் சட்டைக் காலரைப் பிடித்தான். நாற்பது பேரை மேய்ப்பதில் கற்றது அதுதான் போலும். இன்னொரு கையால் பாக்கெட்டிலிருந்து கொத்தை உருவினான்.

ஜட்ஜ் ஐயா ரேடியோவின் அருகே போய், “ஆர்டர்,” என்று சொல்லி அதை அணைத்தார்.

வீடு அமைதியானது. படத்துப் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து கண்டக்டரின் குரல் கேட்டது. கத்தவில்லை. கத்திக் கத்திக் கிழிந்துபோன குரல்.

“யாரும் இறங்காதீங்க. ஸ்டாப் இன்னும் வரல.”

அக்கா கொத்தை வாங்கி இரண்டு சாவிகளைப் போட்டுப் பார்த்தாள், சேரவில்லை. மூன்றாவது முறை திரும்பியது.

வெக்கையும் காரநெடியும் முகத்தில் அடித்தன. அரைகுறை வெளிச்சத்தில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வற்றிய உடம்பு. மேலெல்லாம் காய்ந்த கஞ்சி. கையில் நீலநிற பாட்டில், மூடி திறந்திருந்தது. அந்தக் கையின் மணிக்கட்டைக் கண்டக்டர் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து, கண்கள் நெடியில் சிவந்து நீர் வழிந்தன.

“அடுத்தவங்க லக்கேஜ்,” என்றார் மகளைப் பார்த்து. “தாகமா இருக்குன்னு பிரிக்கிறாங்க. எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க, மேடம்.”

“பாட்டு டீச்சர்!” என்றார் பெரிய நர்ஸ். பிறகு ஓடிப்போய் அந்தப் பாட்டிலைப் பிடுங்கினார்.

*

போலீஸ் வருவதற்குள் தண்ணீர் கொடுத்தாயிற்று, கண்களைக் கழுவியாயிற்று. இருவர் வாயிலும் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. மேனேஜர் நாற்காலியில் உட்கார்த்தப்பட்டிருந்தார். அருகே ஜட்ஜ் ஐயா காவலுக்கு நின்றார். அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“அந்தம்மாவை யாரும் கூட்டிட்டுப் போகல,” என்றாள் அக்கா. “அடுத்த மாசம் வரேன்னு பையன் சொல்லியிருப்பாரு. இவருக்கு இப்பவே ஆள் சேர்க்கணும். ஆறு பேருக்குத்தான் அனுமதி. அதனால நாங்க வர நேரத்துக்கும், சிஸ்டர் இருக்கிற நேரத்துக்கும் ஏழாவது ஆளை இந்த ரூம்ல போட்டுப் பூட்டிட்டாரு. காலையில பூட்டு சரியா விழாம கதவு லேசா திறந்திருந்தப்போ அப்பா பார்த்துச் சொன்னாரு. இவர் கண்ணாடின்னாரு. இந்த வீட்டுல கண்ணாடியே கிடையாது. இருந்தாலும் அதுல மீசைதான் தெரியும், அம்மா எப்படித் தெரிவாங்க? அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.”

“மூணு மணிக்கு அவர் பூட்டைத் திறந்துவிட்டுட்டுப் போனாரு, கஞ்சி கொண்டுபோனேன்,” என்றார் சமையல்காரம்மா விசும்பிக்கொண்டே. “அவங்க தட்டிவிட்டுட்டாங்க. மேட்டை அலசப் போனேன். கதவைச் சாத்த மறந்துட்டேன் தாயி. ‘வெளியே சொன்னா வேலை போயிடும்’னு மிரட்டி வச்சிருந்தாரு.”

“மேட் இல்லாததால அப்பா உள்ள போயிட்டாரு, அந்தம்மாவை ஏத்திவிட. இவர் வந்து திறந்திருந்த கதவைப் பார்த்து, உள்ள பார்க்காமலே பூட்டினாரு. அப்பா குரல் கேட்டப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். திறக்கப் போற நேரத்துக்கு நாங்க சீக்கிரமா வந்து நின்னுட்டோம். திறந்தா ஏழாவது ஆள் தெரிஞ்சுபோகும். ரேடியோவைக் கத்தவிட்டு, எங்களை ரோட்டுக்குத் துரத்தப் பார்த்தாரு.”

“கொஞ்ச நேரம்தானேம்மா,” என்றார் மேனேஜர். குரல் மறுபடியும் தேனாகிவிட்டிருந்தது. “நான் என்ன அடிச்சேனா, கொன்னேனா? கொஞ்ச நேரம் பூட்டி வச்சேன். நீங்க வேலைக்குப் போறப்போ உங்கப்பாவை என்ன பண்றீங்க? வெளிய பூட்டிட்டுத்தானே போறீங்க? காலையில நீங்களே சொன்னீங்களே, போன மாசம் ஷாம்பூ குடிச்சப்போ கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்துச்சு?”

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அது தெரியாது.

“வெளிப்பக்கம்,” என்றாள் அக்கா. “அதனாலதான் இங்க வந்தேன்.”

போலீஸ் வந்து மேனேஜரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

கண்டக்டர் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிப்போனார். தம்பி அவர் காலடியில் உட்கார்ந்திருந்தான். “நான் இப்போ ஊருக்குப் போகல அக்கா,” என்றான். எத்தனை நாளைக்கு என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அக்கா நர்ஸிடம் போனாள். “வேற நல்ல இடம் ஏதாவது தெரியுமா சிஸ்டர்?”

“ஒண்ணு தெரியும். விலாசம் தரேன். ஆனா வரோம்னு போன் பண்ணிட்டுப் போகாதீங்க. சாப்பாட்டு நேரமாப் பார்த்துத் திடீர்னு போய் நில்லுங்க. உள்ள விட யோசிச்சா அப்படியே திரும்பிடுங்க.”

“உடனே விட்டாங்கன்னா?”

“சேருங்க. சேர்த்துட்டு மறுநாளும் அதே மாதிரி போய் நில்லுங்க. அவர் இருக்கிற வரைக்கும் போயிட்டே இருங்க.”

சொல்லிவிட்டுப் பெரிய நர்ஸ் பாட்டு டீச்சரின் மகனுக்கு மறுபடியும் போன் போட்டார். போன் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.